சத்தம் பவர் இல்ல தம்பி: எக்சோஸ் மாத்தப் போறவங்களுக்கு

வேலும் மயிலும் துணை.

நீளமான பதிவு, பொறுமையா படிங்க. கார் எக்சோஸ் பத்தினது. கோயில் பக்கத்துல இது எதுக்குன்னு கேக்குறவங்க, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் நம்ம பார்க்கிங்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க.

போன வாரம் மூணே வரி போட்டேன். "கோயில் வாசல்ல ரெவ் பண்ணாதீங்க, பெரியவங்க, கைக்குழந்தைங்க இருக்காங்க" என்று. அதுக்கு வந்த கமெண்ட்ஸ் ரெண்டு கட்சி. ஒரு கட்சி, "மோடிஃபை பண்ணின காரை உள்ளயே விடாதீங்க, அந்தப் பசங்களையும் சேர்க்காதீங்க" என்கிறார்கள். இன்னொரு கட்சி, "மேளம் அடிக்கலாம், ஸ்பீக்கர் கட்டலாம், எங்க கார் மட்டும்தான் சத்தமா?" என்று கேட்கிறார்கள். ரெண்டு பேருக்கும் நான் பதில் சொல்லணும்.

முதல் கட்சிக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். ரதம் இழுக்க ஆள் யாரு? அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்குறது யாரு? தீமிதிக்குக் கட்டை அடுக்குறது யாரு? நீங்க விரட்டச் சொல்ற அதே பசங்கதான். சம்பாதிச்ச காசுல ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, எலுமிச்சம்பழம் வச்சு பூஜை போட நம்ம வாசலுக்குத்தான் கொண்டு வர்றான். அவனை விரட்டினா அவன் வேற எங்க போவான்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுறது பாவம் இல்லை. எக்சோஸ் மாத்துறதும் பாவம் இல்லை. தப்பான எக்சோஸை வாங்கி மாட்டுறதுதான் பிரச்சினை. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

இப்ப தம்பிங்களுக்கு.

நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன். கார் இன்ஜினியர் இல்லை. ஆனா ஸ்டாம்பிங் பிரஸ் ஓடுற தொழிற்சாலையில சூப்பர்வைசர். சத்தத்தோட குடும்பம் நடத்துறவன். நம்ம நாட்டுல வேலை இடத்து இரைச்சலுக்கு 2019-ல் புது விதிமுறை வந்தது. அதுக்கு முன்னால 1989 விதிமுறைப்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் வரைக்கும் விட்டாங்க. இப்ப 85. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 88-ன்னா நாலு மணி நேரம், 91-ன்னா ரெண்டு, இப்படியே போனா 100 டெசிபெல்ல வெறும் 15 நிமிஷம். அதுக்கு மேல நிக்கணும்னா காதுல இயர் பிளக் இருக்கணும். எங்க ஆளுங்களுக்குக் காது பரிசோதனை உண்டு. சத்தத்தால கெட்ட காது முதல்ல 4,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இறங்கும். அந்த ஆளுக்கே தெரியாது. கைமணி சத்தமும் பேரப்பிள்ளை பேச்சும் மங்கின பிறகுதான் தெரியும். அப்ப டாக்டர் ஒண்ணும் பண்ண முடியாது.

ஒரு கார் கடந்து போறதால யாருக்கும் காது போயிடாது. அப்படி நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா பார்க்கிங்ல மூணு மணி நேரம் நிக்கிற தொண்டூழியர்கள் உண்டு. தினமும் அதே காருக்குள்ள உட்கார்ந்து வேலைக்குப் போய் வர்ற நீயும் உண்டு.

சரி, உங்க பெரிய வாதத்துக்கு வர்றேன். "சத்தம் வந்தாத்தான் அங்கிள் பவர் வரும்." ஒர்க்‌ஷாப்புல இப்படித்தான் சொல்லி விக்கிறாங்க. கணக்குப் போட்டுப் பாப்போமா?

டொயோட்டா 86 எடுத்துக்குவோம், நம்ம பார்க்கிங்லயே ரெண்டு நிக்குது. 2012-ல் வந்த முதல் மாடல், 2.0 லிட்டர், 200 குதிரை சக்தி. அதை வாட்ல சொன்னா ஏறக்குறைய 1,47,000. இப்ப அதோட பைப் வாய்ல இருந்து அரை மீட்டர்ல 100 டெசிபெல் சத்தம் வருதுன்னு வைங்க. காதைப் பொத்துற சத்தம். அந்தச் சத்தமா வெளியே போற சக்தி மொத்தம் எவ்வளவு? ஒரு வாட் கூட இல்ல தம்பி. குழந்தை தூங்குற ரூம்ல எரியுற நைட் லாம்பு கூட அதைவிட அதிகமா இழுக்கும். ஒரு லட்சத்து நாப்பத்தேழாயிரம் வாட்ல ஒரு வாட்டுக்கும் குறைவானதைக் காதுல கேட்டுட்டு, "கார் நல்லா போகுது"ன்னு நம்புற. சத்தத்தை வச்சுப் பவரை அளக்கவே முடியாது.

"அப்ப ஒரிஜினல் எக்சோஸை மாத்தினா கார் கொஞ்சம் லேசா இழுக்குதே, அது பொய்யா?" பொய் இல்ல. ஆனா அதுக்குக் காரணம் வேற. கம்பனி மாட்டி அனுப்புற மஃப்ளர்ல பல மாடலுக்கு உள்ளே அறை அறையா தடுப்பு இருக்கும். புகை வளைஞ்சு திரும்பிப் போகணும். அந்த வளைவுல சத்தம் அடங்கும், கூடவே போற வேகமும் கொஞ்சம் தடைபடும். மாத்தி மாட்டுற பெர்ஃபாமன்ஸ் மஃப்ளர்ல பெரும்பாலும் நேர்க் குழாய்தான். குழாய் முழுக்க ஓட்டை போட்டு, சுத்தி கண்ணாடிப் பஞ்சு அல்லது ஸ்டீல் பஞ்சு அடைச்சிருப்பாங்க. புகை நேரா போயிடும், சத்தம் மட்டும் ஓட்டை வழியா பஞ்சுக்குள்ள போய் சூடா மாறி அடங்கும். காருக்குக் கிடைக்கிற நன்மை புகை தடையில்லாம போறதால. சத்தம் அடங்குறது பஞ்சால. ரெண்டும் தனித்தனி வேலை. அதனால நேர்க் குழாய் வச்சே அமைதியான மஃப்ளர் செய்யலாம். நீளமான உடம்பு, அகலமான வயிறு, நிறைய பஞ்சு இருக்கணும். அவ்வளவுதான் ரகசியம்.

கையளவு நீளத்துல பளபளன்னு, வாய் மட்டும் குடம் மாதிரி பெருசா விக்கிறாங்களே, அதுல பஞ்சு எங்க இருக்கும்? சத்தம் அடங்க இடமே கிடையாது. வாய் பெருசா இருந்தா பவர் வராது, அது அழகுக்கு. உள்ளே இருக்கிற குழாய் விட்டம்தான் கணக்கு. அதையும் ரொம்பப் பெருசாக்காதே. டர்போ இல்லாத 2.0 லிட்டர் இன்ஜினுக்கு ரெண்டரை இஞ்சு தாராளம். மூணு இஞ்சு போட்டா கீழ் ஆர்பிஎம்ல புகையோட வேகம் குறைஞ்சு இழுவை போயிடும், சத்தம் மட்டும் மிச்சம். டர்போ கார் வச்சிருக்கிறவங்க கதை வேற. புகை முதல்ல டர்பைனைச் சுத்திட்டு வர்றதால அங்கேயே கொஞ்சம் சத்தம் அடங்கிடும். பெரிய குழாய் போட்டு நடுவுல ஒண்ணு ரெண்டு ரெசனேட்டர் வச்சாலே அமைதியா வரும். உங்களுக்குச் சாக்கே கிடையாது.

அமைதியான மஃப்ளர் கொஞ்சம் கனம், விலையும் கூடுதல். அதை மறைக்கல. ஒண்ணு ரெண்டு கிலோ கூடுறதுக்கு அழறவன் பூட்டுல இருக்கிற ஸ்பீக்கர் பாக்ஸை முதல்ல இறக்கட்டும்.

அடுத்து, ட்ரோன். இதைப் பத்தி ஒர்க்‌ஷாப்புல வாயைத் திறக்க மாட்டாங்க, வாங்கின பிறகுதான் தெரியும். நாலு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்ல ஓடினா நொடிக்கு 100 தடவை வெடிக்கும். அந்த 100 ஹெர்ட்ஸ் முழக்கம் காருக்குள்ள வந்து அடைஞ்சுக்கும். கோலாலம்பூர்ல இருந்து பினாங்கு தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்துக்குப் போறோம்னு வைங்க, 350 கிலோமீட்டருக்கு மேல. ஒரே வேகத்துல ஹைவேயில போகும்போது மூணு மணி நேரத்துக்கும் மேல மண்டைக்குள்ள ஊம்னு. பின் சீட்டுல அம்மா இருந்தா பாதி வழியிலேயே தலைவலின்னு சொல்லிடுவாங்க. விரதம் இருந்து காவடி எடுக்கப் போறவனுக்கு இது தேவையா?

அதுக்கு வழி இருக்கு. வெறும் குடத்தோட வாய்ப்பக்கம் ஊதினா "பூம்"னு ஒரே ஒரு சத்தம் வரும் இல்லையா? குடம் பெருசா சிறுசாங்கிறதைப் பொறுத்து அந்தச் சத்தம் மாறும். அதே மாதிரி ஒரு மூடின அறையை எக்சோஸ் பக்கத்துல இணைச்சா, அந்த அளவுக்குரிய சத்தத்தை மட்டும் பிடிச்சு அடக்கும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பேர்ல இதைச் சொல்வாங்க. இன்னொரு வகை ஜே பைப். பக்கவாட்டுல ஒரு குழாயை வெல்டிங் பண்ணி அடுத்த முனையை அடைச்சிடுறது. சத்த அலை அதுக்குள்ள போய் முட்டித் திரும்பி வரும்போது, புதுசா வர்ற அலைக்கு எதிரா நிக்கும், ரெண்டும் அடங்கும். நீளம் சும்மா குத்துமதிப்பா வெட்டக் கூடாது. சூடான புகையில ஒலி நொடிக்கு 450 மீட்டர் போகுதுன்னு எடுத்தா, 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல வரும். இதைக் கணக்குப் போட்டுச் சொல்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போ. "சவுண்டு கெத்தா இருக்கும் பிரதர்"னு மட்டும் சொல்றவன்கிட்ட போகாதே.

இதெல்லாம் இருக்க, நம்ம பசங்க செய்றது என்ன? பைப் வாய்ல ஸ்க்ரூ போட்டு ஒரு பிளக் மாட்டுறது. புஸ்பகோம் போகும்போது மாட்டி, வெளியே வந்ததும் கழட்டுறது. ஜேபிஜே ரோட்பிளாக்னு வாட்சப்புல செய்தி வந்தா திரும்ப மாட்டுறது. அந்தப் பிளக் குழாயை நெரிச்சுச் சத்தத்தைக் குறைக்குது. பவரையும் சேர்த்துக் குறைக்குது. ஆயிரக்கணக்கான வெள்ளி போட்டு வாங்கின பெர்ஃபாமன்ஸ், ஒரு பிளக்ல செத்துப் போச்சு. இன்னும் சிலர் கேட்டலிட்டிக்கையே கழட்டிடுறாங்க. அந்தப் புகை நாத்தம் கற்பூர வாசனையைத் தாண்டி மண்டபம் வரைக்கும் வருது. போன செவ்வாய்க்கிழமை குருக்களே மூக்கைப் பொத்தினார்.

ஜப்பான் சாமான்தான் வேணும்னு பிடிவாதம் பிடிக்கிறவங்களே, ஜப்பான்ல என்ன சட்டம்னு தெரியுமா? சாதாரணமா முன்னால இன்ஜின் இருக்கிற கார் நின்ன இடத்துல, பைப் வாய்ல இருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகை கோணத்துல மைக் வச்சு அளந்தா 96 டெசிபெல்தான் உச்சம்னு பல வருஷம் வச்சிருந்தாங்க. 2010 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களுக்கு மாத்தி மாட்டுற மஃப்ளர்னா, வேகமெடுக்கும்போது வர்ற சத்தத்தையும் சோதிச்சு முத்திரை வாங்கணும். ஜாஸ்மா தகடு பார்த்திருப்பீங்க, அங்கேயுள்ள தயாரிப்பாளர் சங்கத்தோட தகடு அது. ஜப்பான்காரன் அமைதியா செஞ்சு விக்கிறான். நம்ம ஆளு அதை வாங்கி உள்ளே இருக்கிற பஞ்சை உருவிட்டு, "ஜேடிஎம்"னு ஸ்டிக்கர் ஒட்டுறான். தகடு மட்டும் ஒட்டின போலியும் சந்தையில உண்டு, வாங்கும்போது பார்த்து வாங்கு.

அந்த 86 காரைச் செஞ்ச டொயோட்டாவே என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? இன்ஜின் காத்து உறிஞ்சுற சத்தத்தை ஒரு குழாய் வழியா காருக்குள்ள கொண்டு வந்து விட்டிருக்கான். ஓட்டுறவனுக்குத்தானே சத்தம் ஆசை, அவனுக்கு உள்ளேயே கொடுத்தாச்சு. வெளியே இருக்கிற ஆயாவுக்கு எதுக்கு? அமெரிக்காவுல 2018 மாடல் மஸ்டாங், 5.0 லிட்டர் வி8, அதுல அமைதியா ஸ்டார்ட் ஆகுற வசதி வச்சாங்க. ராத்திரி இத்தனை மணியில இருந்து காலை இத்தனை மணி வரைக்கும்னு நேரம் குறிச்சு வைக்கலாம். ஸ்டார்ட் பண்ணும்போது 82 டெசிபெல் வர்றது 72-க்கு இறங்கும். காதுக்குப் பாதி சத்தம் மாதிரி கேட்கும். அந்த யோசனை எப்படி வந்தது? ஃபோர்டு இன்ஜினியர் ஒருத்தர் வீட்டு வாசல்ல இருந்து காரை ரிவர்ஸ் எடுத்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுட்டார். அவர் அண்டை வீட்டோட சண்டைக்குப் போகல. காரை மாத்தினார்.

அண்டை வீடுன்னு சொன்னதும் நம்ம விஷயத்துக்கு வர்றேன்.

நம்ம கோயில் பின்பக்க லோரோங்ல இருக்கிறது ஒட்டு வீடுங்க. பைப் வாய்ல அரை மீட்டர்ல 100 டெசிபெல்னா, தூரம் ரெண்டு மடங்காகும்போது 6 டெசிபெல் குறையும். எட்டு மீட்டர் தள்ளி இருக்கிற படுக்கை அறை ஜன்னல்ல இன்னும் 76 இருக்கும். அதுவும் திறந்த வெளிக் கணக்கு. ரெண்டு பக்கமும் சுவர் இருக்கிற லோரோங்ல சத்தம் முட்டி முட்டித் திரும்பும், இன்னும் கூடும். நாம சாதாரணமா பேசுறது 60 பக்கம்தான். அந்த வரிசையில என் லைன்ல வேலை செய்ற ரெண்டு பேர் குடியிருக்காங்க. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலையில வந்து படுப்பாங்க. ஞாயித்துக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீங்க கான்வாய் போட்டு வந்து நிக்கும்போது அவங்க தூங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அன்னிக்கு ராத்திரி அதே ஆள் 200 டன் பிரஸ் முன்னால நிக்கணும். அரைத்தூக்கத்துல நிக்கிறவன் கையைப் பத்தி நான்தான் பயப்படணும், நீங்க இல்ல.

போன வருஷம் நகராட்சிக்குப் போன புகார்க் கடிதத்தோட நகலை நிர்வாகத்துல காட்டினாங்க. தலைப்பு "கோயில் இரைச்சல்". உள்ளே படிச்சா மேளத்தைப் பத்தி ஒரு வரி இல்லை. எல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல கார் சத்தம். நீங்க வாங்கின கெட்ட பேரு அம்மன் பேர்ல பதிவாகியிருக்கு. திருவிழாவுல ரதம் அந்த லோரோங் வழியாத்தான் திரும்பணும். அன்னிக்கு அந்த மலாய்க் குடும்பமும் சீனப் பெரியவரும் சொல்லாமலேயே தங்க காரை எடுத்து வேற இடத்துல விடுறாங்க. சட்டப்படி அவங்க அப்படிச் செய்யணும்னு ஒண்ணும் இல்லை. ஒரு வருஷம் எடுக்க மாட்டேன்னு சொன்னா ரதம் திரும்ப முடியாது. யோசிச்சுப் பாருங்க.

இப்ப மேளக் கேள்வி. நியாயமான கேள்விதான். மேளத்துக்கு நேரம் இருக்கு. எப்ப ஆரம்பிக்கும், எப்ப நிக்கும்னு பக்கத்து வீட்டுக்கும் தெரியும். தாலி கட்டும்போது கெட்டி மேளம் கொட்டுறது கூட அந்த நேரத்துல அபசகுனமான பேச்சு காதுல விழக் கூடாதுன்னுதான். ஒரு காரணத்தோட வர்ற சத்தம் அது. ஆனா ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பி வச்சு விடியக்காலையில பாட்டுப் போடுற கோயில்களும் இருக்கு. அது சரின்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம கோயில்ல ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பியாச்சு. அதனாலதான் உங்ககிட்ட தைரியமா கேக்குறேன்.

"சத்தம் இருந்தாத்தான் லாரிக்காரன் நம்மளைக் கவனிப்பான், பாதுகாப்பு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். பைப் பின்னால பாத்து இருக்கு. முன்னால போற லாரிக்காரன் கண்ணாடியை ஏத்தி, ஏர்கான் போட்டு, பாட்டுக் கேட்டுட்டுப் போறான். அவனுக்கு நீ வர்றது தெரியணும்னா லைட் இருக்கு, ஹார்ன் இருக்கு.

சட்டமும் இருக்கு. வாகன இரைச்சலுக்குன்னே சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்குக் கீழே 1987-ல் விதிமுறை போட்டாச்சு, சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1987 தான். பல தம்பிங்க அதுக்குப் பிறகுதான் பிறந்தீங்க. ஆனா சம்மனுக்குப் பயந்து மாத்தினா பிளக் கதைதான் திரும்ப நடக்கும்.

அப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் கார் ஸ்டார்ட் பண்ணும்போது வாசல்ல நின்னு சிரிச்சுட்டு, வீடியோ எடுத்துப் போடுறது நீங்கதான். நிர்வாகத்துல இருக்கிறவங்களுக்கும்: பெரிய உபயக்காரர் வீட்டுப் பையன் கார்னா கேட்டைத் திறந்து உள்ளே விடுறதும், எஸ்டேட் வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்தச் சொல்றதும் இனி நடக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்.

வாங்கப் போறவங்க கவனிக்க: மஃப்ளரைத் திறந்து பஞ்சு மாத்த முடியுமான்னு கேளுங்க. பஞ்சு வருஷக் கணக்குல எரிஞ்சு பறந்துடும், இன்னிக்கு அமைதியா இருக்கிறது நாளைக்குக் கத்தும். நடுவுல இருக்கிற ரெசனேட்டரைக் கழட்டவே கழட்டாதீங்க, ஒர்க்‌ஷாப் ஃப்ரீயா கழட்டித் தர்றேன்னாலும் வேண்டாம். வேற யாராவது அதே மஃப்ளர் மாட்டியிருந்தா அவன் காருக்குள்ள உட்கார்ந்து ஹைவேயில ஒரு ரவுண்டு போங்க. யூடியூப்ல கேக்குற சத்தத்தை நம்பாதீங்க, மைக் எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிடும்.

வர்ற ஞாயித்துக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்சதும், சுமார் பன்னிரண்டு மணிக்கு, நான் வீட்டுல வச்சிருக்கிற சின்ன டெசிபெல் மீட்டரோட முன் கேட் பக்கம் நிப்பேன். பின்பக்க லோரோங்ல அளக்க மாட்டோம், அங்க ஆளுங்க தூங்குவாங்க. யாரையும் திட்ட மாட்டேன், பேரும் எழுதிக்க மாட்டேன். காரைக் கொண்டு வாங்க, அரை மீட்டர் வச்சு அளந்து சொல்றேன். 96-க்குக் கீழே வந்த தம்பிக்கு அன்னதானத்துல முதல் இலை. வராதவங்களுக்கும் சாப்பாடு உண்டு, சாம்பார் மீதி இருந்தா.